அப்பாருவின் சுடுதண்ணி

எங்கள் வீட்டில் சுடுதண்ணி தானாக வருகிறது என்று மனதார நம்பிய ஒரே ஆள் எங்கள் தாத்தா, அப்பாரு. விடிவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய் மடை மாற்றிவிட்டு வருவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்கிற இடமான பொடக்காளிப் பக்கம் நடப்பார். அங்கே பித்தளை அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் விளாவி வைத்த தண்ணீர் ஆவி பறக்கக் காத்திருக்கும். குளித்துவிட்டு வந்து விபூதி பூசிக்கொள்வார். அந்தத் தண்ணீர் எதில் காய்ந்தது, யார் காய்ச்சினார்கள் என்கிற கேள்வி அவருக்குக் கடைசி வரை எழுந்ததாகத் தெரியவில்லை.

மற்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் அதில் ஒரு வேலை இருந்தது.

ஊர் பல்லடத்துக்குப் பக்கம். காலம் 1970-கள். பைக்காராவில் 1930-களில் எடுக்கத் தொடங்கிய கரன்ட் கோயமுத்தூர் மில்களுக்கு வந்தது, அப்புறம் தோட்டத்து மோட்டாருக்கு வந்தது, அப்புறம் முன்கூடமான ஆசாரத்து விளக்குக்கு வந்தது. குளிக்கிற இடத்துக்கு மட்டும் வர மனசில்லாமல் வாசலோடு நின்றுகொண்டது. அங்கே ஆட்சி செய்தது செம்பு பாய்லர்.

இந்தத் தலைமுறை அதைப் பார்த்திருந்தால் ஏதாவது ரிசார்ட்டின் வரவேற்பறையில், உள்ளே செடி வைத்துப் பார்த்திருக்கும். இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்புப் பீப்பாய். அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். குழாயின் அடியில் இரும்புச் சல்லடை மேல் நெருப்பு, உச்சியில் புகைபோக்கி. குழாயைச் சுற்றித் தண்ணீர். ஒரு பக்கம் புனல், மறுபக்கம் மூக்கு. புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிவரைக்கும் இறங்கி, மேலே மிதக்கும் சுடுதண்ணியைத் தள்ளிவிடும். மூக்கு வழியாக ஒரு சொம்பு வெளியே வரும். ஊற்றாமல் ஒரு சொட்டு வாங்க முடியாது. குளியலறைச் சுவரில் இன்று தொங்கும் வெள்ளை கெய்சரும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும், சூடானது உச்சியில் வாய் வைத்த குழாய் வழியாக வெளியேறும். சொம்பை ஊற்றும் வேலையை மொட்டை மாடித் தொட்டி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

விறகு சேர்ப்பது பிள்ளைகள் பொறுப்பு. தேங்காய்த் தொட்டி, பன்னாடை, பாளை, அறுவடை முடிந்த பருத்திமார். பற்றவைப்பது அம்மா, கோழி கூவுவதற்கு முன்னால். சாம்பலை வாருவது அத்தை. அந்தச் சாம்பல் வீணாகாது. பாதி பாத்திரம் துலக்கப் போகும், மீதி குப்பைக்குழிக்குப் போய் எருவாகும். வாரம் ஒருமுறை, தென்னமட்டைத் துண்டில் சாக்கைச் சுற்றி, நடுக்குழாய்க்குள் விட்டுக் கரி எடுக்க வேண்டும். கரி ஏறினால் இழுப்பு குறையும், புகை கண்ணுக்கு வரும், தண்ணீர் காயத் தாமதமாகும். இந்த விஞ்ஞானம் எங்களுக்குப் பாட்டியின், அதாவது ஆத்தாவின் வாயால், திட்டாக வந்து சேர்ந்தது.

ஆத்தா வெள்ளிக்கிழமைக்காரி. புளியும் சாம்பலும் வைத்து அவள் தேய்த்து முடித்தால் பாய்லரில் முகம் பார்க்கலாம். வெளிப்பக்கம் பகட்டு என்றால் உள்பக்கம் வைத்தியம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காய்ச்சினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். நடுக்குழாயின் வெளிமேனி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படை கட்டும். படை கட்டினால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. வருஷத்தில் இரண்டொரு முறை பாய்லரைக் காலி செய்து, பழைய புளியைக் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தேங்காய் நார் கட்டிய குச்சியால் கலக்கி வடிப்பாள். சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வரும். புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது என்று எங்கள் வேதியியல் வாத்தியார் பின்னால் சொன்னார். ஆத்தா பெயரைச் சொல்லாமலே கரைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. புனலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. தண்ணீரில்லாத பாய்லரில் நெருப்பு வைத்தால் ஈயப் பற்று உருகிவிடும். அப்புறம் துருத்தியோடு தெருவில் வருகிற பற்று வைப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர்க் குளியல். அப்பாருவுக்கு மட்டும் அடுப்பில் தனியாகக் காயும். அவருக்குப் பாய்லர் படுத்திருப்பதே தெரியாது.

செம்பு பாய்லர் காலம்தான் பொற்காலம் என்று உருகுகிறவர்களைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால், அவர்கள் அப்பாருவின் வரிசையில் குளித்தவர்கள் என்பது தெரிந்துவிடும். பெண்கள் கடைசி. அவர்கள் முறை வரும்போது நெருப்பு அணைந்து, மூக்கில் வருவது வெதுவெதுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மழைக்காலத்தில் ஈரப் பருத்திமார் புகைந்து அம்மாவின் கண் நாள் முழுக்கச் சிவந்திருக்கும். தீபாவளிக்கு முதல்நாள் பாய்லருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மரியாதை செய்ததும் அவள்தான். அதனிடம் அதிகம் அவதிப்பட்டதும் அவள்தான்.

இடையில் கொஞ்ச காலம் ராடு வந்தது. வாளியில் தொங்கவிட்டு ஸ்விட்ச் போட்டால் போதும். புகை இல்லை, கரி இல்லை, பராமரிப்பு என்ற பேச்சே இல்லை. உப்பு ஏறினால் கத்தியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு. அதற்குப் பதிலாக, தண்ணீர் சுட்டுவிட்டதா என்று ஸ்விட்சை அணைக்காமல் விரலை விட்டுப் பார்க்கிறவர்களைப் பற்றிய செய்தி மார்கழி மாதப் பேப்பர்களில் சின்னப் பெட்டியில் வரத் தொடங்கியது. ‘ஹீட்டர் போட்ருக்குது, கைய வெக்காத’ என்பது எங்கள் வீட்டில் காலை வணக்கமாகவே இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி யாரும் உருகிப் பேசக் கேட்டதில்லை.

1990-களில் கோயமுத்தூருக்கு வந்தோம், கெய்சர் வாங்கினோம். விற்றவர் சொன்ன ஒரு வார்த்தை அம்மாவின் முகத்தை மலர்த்தியது: “மெயின்டனன்ஸே இல்லீங்கம்மா.” அன்றே ஊருக்கு ஆள் அனுப்பி பாய்லரைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போடச் சொன்னாள். செம்பு போய் எவர்சில்வர் வந்தது. ஒரு துளி கண்ணீர் இல்லை. பழம்பொருள் என்று சொல்லி இன்று அதே மாதிரி பாய்லரை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று காட்டினால், “வாங்கறவனுக்குப் பொண்டாட்டி இல்லியா?” என்று கேட்கிறாள்.

கெய்சர் சுவரின் உச்சியில், லாஃப்டை ஒட்டி ஏறிக்கொண்டது. ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரிலிருந்து மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு கிடைக்கும். கெய்சருக்குக் கை எட்டாது. திருகினால் சுடுதண்ணி. எங்கிருந்து வருகிறது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. இப்போது எங்கள் குடியிருப்பில் அத்தனை பேரும் அப்பாரு.

கோயமுத்தூர்க்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினால் சிறுவாணியில் தொடங்கி சிறுவாணியிலேயே முடிப்பார்கள். ஆனால் அடுக்குமாடிகளில் நல்ல தண்ணி சமையலறைக் குழாயோடு நின்றுவிடும். குளியலறைக்குப் போவது போர்வெல்லின் உப்புத் தண்ணி. அதாவது கெய்சருக்குக் கிடைப்பது பல்லடத்துக் கிணற்றின் பங்காளித் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதே சுண்ணாம்பு, அதே வேலையைச் செய்கிறது. ஆத்தா மட்டும் இல்லை.

அவளுடைய இடத்துக்கு வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஒப்பந்தத்தின்படி ஒருவர் வருவார். ஈரத் துணியால் கெய்சரின் வெளிப்பக்கத்தைத் துடைப்பார். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். ‘டேங்க் சுத்தம் செய்யப்பட்டது’ உட்பட எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்த படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவார். வெள்ளிக்கிழமைத் துலக்கலின் பகட்டுப் பாதி மட்டும் ரசீதோடு தொடர்ந்தது என்று சொல்லலாம்.

குறையைக் கண்டுபிடித்தது அம்மா. எழுபதைத் தாண்டியவள், காது சரியாகக் கேட்காது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தவள், ஒருநாள் குளியலறை வாசலில் நின்றாள்.

“ஏங்கண்ணு, உள்ள என்னமோ பொரியறாப்பல கேக்குதே?”

கவனித்தால் கேட்டது. கெய்சர் போட்ட கொஞ்ச நேரத்தில் சடசடவென்று ஒரு சத்தம். “நம்ம பாய்லரும் உப்புக் கட்டுனா இப்படித்தான் பேசும். தொறந்து பாக்கச் சொல்லு.”

ஒப்பந்தக்காரர்களை விட்டுவிட்டு, தெருமுனை எலக்ட்ரிக் கடையில் கேட்டு ஒரு பையனை வரவழைத்தேன். அவன் செய்த முதல் காரியமே நம்பிக்கை தந்தது. கெய்சரின் ஸ்விட்சை அணைத்ததோடு விடாமல், மெயின் போர்டுக்குப் போய் அதற்கான எம்.சி.பி.யையும் இறக்கினான். பச்சைத் தண்ணீர் வரும் வால்வை மூடினான். சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, சூடு ஆறும் வரை டீ குடித்தான். அப்புறம் அடியில் இருந்த வால்வு வழியாகத் தண்ணீரை வடித்தான். கடைசியில் வந்தது தண்ணீரே இல்லை, சுண்ணாம்புக் கூழ். மூடியைத் திறந்து எலிமென்ட்டை இழுத்தபோது, விரல் தடிமன் இருக்க வேண்டியது மணிக்கட்டுத் தடிமனில் வெள்ளையாக வந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “புளி கரைச்சுத் தரட்டுமா தம்பி?”

“வேண்டாங்கம்மா, சிட்ரிக் ஆசிட் வெச்சிருக்கேன்.”

“எலுமிச்சம்பழப் புளிப்புதானே அது?”

“ஆமாங்கம்மா.”

“அப்பப் புளிக்கென்ன?”

பையன் பதில் சொல்லாமல் வாளியில் பொடியைப் போட்டுக் கலக்கினான். எலிமென்ட்டை அதில் நிறுத்தினான். நுரைத்தது. அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள், டி.வி. சீரியலுக்குக்கூட அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பொரிகிற சத்தத்துக்கு அவன் காரணம் சொன்னான். படைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் கொதித்து, குமிழாகி, உடைகிற ஓசை அது. சூடு வெளியேற வழியில்லாமல் எலிமென்ட் தனக்குத்தானே வெந்து ஒருநாள் வெடிப்பு விடும். விட்டால் கரன்ட் தண்ணீருக்குள் கசியும். எர்த் ஒழுங்காக இருந்து, கசிவைக் கண்டுபிடித்து இறங்கும் பிரேக்கரும் இருந்தால் வீடு பிழைக்கும். மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு ஓட்டை சாக்கெட்டில் சொருகுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்றான். சொல்லும்போது எங்கள் பிளக்கையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தான்.

எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி துருத்திக்கொண்டு நின்றது. கம்பி என்று சொல்வது மரியாதைக்கு. அரித்து அரித்து, நடு இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அதுதான் ஆனோடு ராடு, மெக்னீசியம். டேங்க் இரும்பு, உள்ளே கண்ணாடிப் பூச்சு. பூச்சில் எங்காவது மயிரிழை விரிசல் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும். இரும்பைவிட மெக்னீசியத்துக்கு அரிபடுவதில் அவசரம் அதிகம் என்பதால், அது இருக்கும்வரை இரும்பின் மேல் கை வைக்கப்படாது. அது தீர்ந்தால் டேங்கின் முறை. டேங்க் ஓட்டையானால் எந்தப் பற்றும் ஒட்டாது. எடைக்குத்தான் போட வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் இந்தக் கம்பி சில வருஷம் தாங்கும். எங்கள் ஊர் உப்புக்கு வருஷா வருஷம் திறந்து பார்ப்பது நல்லது. படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் இருந்தது. டிக்கும் இருந்தது.

ஒரு உலோகத்தை அரிக்கவிட்டு இன்னொன்றைக் காக்கும் இந்த உபாயத்தின் பிறப்பில் ஒரு கூத்து உண்டு. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செம்புத் தகடு உப்புத் தண்ணீரில் அரித்துப்போவதைத் தடுக்க, அதோடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்துப் பார்த்தார். அருமையாக வேலை செய்தது. செம்பு அரிக்கவே இல்லை. ஆனால் அதுவரைக்கும் கரைந்து வந்த செம்பின் நஞ்சுதான் சிப்பியையும் பாசியையும் கப்பலில் ஒட்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு பத்திரமாயிற்று, கப்பல் முழுக்கச் சிப்பி அப்பிக்கொண்டு நகர மறுத்தது. கடற்படை அந்த யோசனையையே கைவிட்டது. ஒரு தொல்லையைத் தீர்த்தால் அது அடக்கிவைத்திருந்த இன்னொன்று தலைதூக்கும் என்பது ஆத்தாவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. புகையை ஒழித்த ராடின் கதையை அவள் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பையன் போகும்போது தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் நிறுத்தினான். அதற்கு மேல் போனால் உப்பு இன்னும் வேகமாகப் படியும். 60 டிகிரியே சில நொடிகளில் தோலை வேகவைக்கப் போதும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து அந்தச் சூட்டுக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் கரன்ட். 2,000 வாட் எலிமென்ட்டுக்கு அரை மணி வேலை. படை கட்டியிருந்தபோது அதற்கு எவ்வளவு பிடித்தது என்று யார் பார்த்தார்கள்? பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்திருப்போம். அவை, காய்ந்த தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதற்கான மதிப்பெண்கள். உள்ளே சுண்ணாம்பு குடியேறினாலும் நட்சத்திரம் குறையாது.

திரும்பத் தண்ணீர் நிரப்பும்போது, சுடுதண்ணிக் குழாயில் இடைவெளியில்லாமல் தண்ணீர் கொட்டும்வரை ஸ்விட்சைத் தொடவிடவில்லை. காலி டேங்கில் கரன்ட் போட்டால் எலிமென்ட் பொசுங்கிவிடும் என்றான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் சொல்லலியா, புனல்ல தண்ணி நிக்கோணும்னு?”

கடைசியாக ஒரு விஷயம் சொன்னான். அடியிலிருக்கும் சேஃப்டி வால்வின் பிடியை அவ்வப்போது தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஏறி இறுகிவிடும். தண்ணீர் காயும்போது அதிலிருந்து சொட்டினால் பயப்பட வேண்டாம். சூடானால் தண்ணீர் விரியும். 25 லிட்டர் அந்தச் சூட்டுக்குப் போகையில் 350 மில்லி அளவுக்குக் கூடும். வந்த வழியே திரும்ப முடியாமல் உள்ளே ஒருவழி வால்வு தடுப்பதால், கூடிய தண்ணீர் சொட்டாக வெளியேறுகிறது. செம்பு பாய்லருக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு மூக்கு எப்போதும் திறந்தே இருந்தது.

இந்தச் சொட்டுதான் எங்கள் குடியிருப்பில் பெரிய பிரச்சினை. சொட்டி சொட்டிக் குளியலறைச் சுவரில் மஞ்சள் கோடு விழுகிறது, பெயின்ட் உரிகிறது என்று நிறையப் பேருக்கு வருத்தம். சிலர் வால்வு வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அடுத்த காவலான கட்-அவுட்டும் கைவிட்ட ஒரு நாளில் டேங்கின் அழுத்தம் வெளியேற எஞ்சியிருக்கும் ஒரே வாசல் அது. அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

“வெடிக்குமா சார்?”

“வெடிக்கக்கூடாதுன்னுதான் அந்த வால்வு.”

“இதுவரைக்கும் வெடிக்கல இல்லீங்களா? சுடுதண்ணி வருது இல்லீங்களா?”

அப்பாரு எதிரில் உட்கார்ந்து பேசுவதாகவே பட்டது. ஆனால் அப்பாருவைத் திருத்த ஆத்தாவாலேயே முடிந்ததில்லை. ஆகையால் வேறு வழியில் போனேன். வால்வின் முனையில் ஒரு சின்ன டியூப்பைச் செருகித் தரைவரைக்கும் விட்டால் வடிகாலில் சொட்டிக்கொள்ளும், சுவரும் கறைபடாது என்றேன். சுவர் என்றதும் கூட்டம் நிமிர்ந்தது. பெயின்ட் செலவு மிச்சம் என்று பொருளாளர் வழிமொழிந்தார். எம்-சீலைப் பெயர்த்தெடுத்து எல்லா வீட்டுக்கும் டியூப் போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. டியூப்புக்கான பணத்தை அவரவர் வீட்டில் வாங்குவதா, அல்லது மெயின்டனன்ஸ் கணக்கில் எழுதுவதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. மெயின்டனன்ஸ் என்ற தலைப்பில் இப்படி ஒரு செலவு இதற்கு முன் வந்ததே இல்லை என்று பொருளாளர் சொன்னதால், அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.